லீவுக்குப் பூக்கும் மல்லி

கருவூலத்தில் ஓய்வூதியர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். எனக்கு முன்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். போன் அடித்தது. கலியமூர்த்தியின் மகள் சுதா.

"மாமா, அப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். "காலையில கையைக் காட்டிக் காபி கேட்டாங்களாம். அம்மா போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

"இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, நான் வரிசையை விட்டு விலகாமல் அப்படியே நின்றேன். என் முறை வந்தது. கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். முப்பது வருஷப் பழக்கம். கேட்ட அந்த நிமிஷமே ஓடியிருக்க வேண்டாமா என்று இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கலியமூர்த்தியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். அமிலம் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த வெள்ளைச் சட்டை. செய்முறைத் தேர்வில் கொடுத்த உப்பு எதுவென்று தெரியாமல் முழித்த பிள்ளைகளுக்கு அவர் ஒருநாளும் வாயைத் திறந்து விடை சொன்னதில்லை. மெதுவாக நடந்து போய், அந்த உப்பின் குப்பி இருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்றுகொள்வார். ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பதுபோல் ஒரு பாவனை வேறு. புரிந்துகொண்டவர்கள் பாஸ் பண்ணினார்கள். அப்படிப் பாஸ் பண்ணியவர்களில் சிலர் இன்று பெரிய கம்பெனிகளில் இருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்வார்கள்.

நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். அதோடு அவருக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று. எங்கள் பழக்கமெல்லாம் அந்தச் சுவருக்கு இருபுறமும் நின்று நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயத்தை நம்பியிருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் என்று வித்தியாசமில்லாமல் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் ஆண்கள். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒரு பெண் போனார். கலியமூர்த்தியின் மனைவி வசந்தா தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புப் படித்தவர். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சுதாவுக்கு அப்போது ஏழு வயது. அவளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? "என்ன கலியமூர்த்தி, பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு நீ அடுப்பு ஊதுறியாமே?" என்பார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஆமாங்க, அடுப்பு நல்லாத்தான் எரியுது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

வசந்தா மஸ்கட் போன மறுவாரம், கலியமூர்த்தி ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் சுதாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம், "அக்கா, ரெட்டைப் பின்னல் எப்படிப் போடுறதுன்னு ஒரு தடவை காட்டுங்க. நாளையிலேர்ந்து நானே போட்டுடுவேன்" என்றார். என் மனைவி காட்டினாள். அதன் பிறகு ஒரு வாரம், ஜன்னல் கம்பியில் மூன்று கயிற்றுத் துண்டுகளைக் கட்டிவிட்டு அவர் பின்னிப் பின்னிப் பார்த்ததைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பின்னல் படிந்ததும் பெண் அடுத்ததைக் கேட்டாள். பின்னல் இருந்தால் பூ வேண்டாமா? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் வீட்டில் மல்லிகை வந்தது.

முதலில் வைத்த குண்டுமல்லிச் செடி இரண்டும் செத்துப்போயின. எங்கள் ஊர் மண் களிமண். தண்ணீரைப் பிடித்தால் விடாது. நெல்லுக்கு அதுதான் உயிர். மல்லிகைக்கோ அதுவே எமன். செத்த செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்துவிட்டு அவர் சுவருக்கு மேலே என்னிடம் நீட்டினார்.

"அழுகிப்போச்சு சார். நம்ம ஊர்க்காரன் கைக்குத் தண்ணி விடத் தெரியும், நிறுத்தத் தெரியாது."

நானும் ஒரு நெல்காரன். எனக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த செடிக்கு அவர் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் போட்டு, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினார். மேட்டின் மேல் செடி. அது பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று வருஷத்தில் நான்கு புதர்கள் ஆயின. ஆட்டுப் புழுக்கை போடுவார். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து ஊற்றுவார். அந்த மூன்று நாளும் என் மனைவி எங்கள் கொல்லைக் கதவைத் திறக்கவே மாட்டாள். மொட்டில் ஊதா நிறம் படர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அவர் மருந்து அடிக்க மாட்டார். பள்ளிக்குக் கிளம்பும் முன் அப்படிப்பட்ட மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

வசந்தாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. எந்த மாதம் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். முதல் லீவு மார்கழியில் கிடைத்தது. குளிரில் மல்லிகை பூக்காது. வந்த அன்று வசந்தா கொல்லைப் பக்கம் வந்து புதர்களைச் சுற்றிப் பார்த்தார். "கடுதாசியில பூ பூன்னு எழுதினீங்களே, எங்க? நான் வர்றப்ப மட்டும் பூக்காதா இது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை. அவர் மஸ்கட் திரும்பிய மறுநாளே அதை மறந்திருப்பார். கலியமூர்த்தி மறக்கவில்லை.

அதிலிருந்து அவர் மல்லிகையை மாதம் பார்த்து வளர்க்கவில்லை, லீவு பார்த்து வளர்த்தார். மல்லிகை எப்போது பூக்கும் என்பது நாம் அதை எப்போது வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மார்கழி, தையில் வெட்டினால் பங்குனி, சித்திரையில் பூக்கும். எல்லாரும் செய்வது அதுதான். இவர் மஸ்கட்டிலிருந்து லீவுக் கடிதம் வந்ததும் தினசரிக் காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு, வசந்தா வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். எழுபத்தைந்து நாள். மழை மூட்டம் இருக்கும் என்றால் இன்னும் பத்து. அந்தத் தேதித் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு கோடு. அந்த நாளில் நான்கு புதரையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்.

இரண்டாவது லீவு ஆவணியில் வந்தது. அதற்காக அவர் வைகாசியில், செடி கொள்ளாமல் மொட்டு நிற்கும்போது கத்தியை வைத்தார். தெருவே கொல்லையில் வந்து நின்றது. "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? பூக்கிற செடியை யாராவது வெட்டுவாங்களா?" என்று எதிர்வீட்டம்மா நிஜமாகவே அழுதார். மொட்டோடு விழுந்த கிளைகளைப் பெண்கள் மடியில் அள்ளிக்கொண்டு போனார்கள். கலியமூர்த்தி வெட்டிக்கொண்டே இருந்தார்.

ஆவணியில் வசந்தா வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியோடு வாசலுக்கு வந்தவர் உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்கு வந்துவிட்டார். வாசனை வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் பூ இல்லாத நேரத்தில் அந்த நான்கு புதரும் வெள்ளையாக நின்றன. வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் கலியமூர்த்தி மொட்டுப் பறித்து, தானே தொடுத்து, அதைச் சுதாவின் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட குடு" என்றார். மூன்றடி தூரத்தில் நின்ற மனைவிக்கு அவரே கொடுக்கவில்லை. "இந்த மனுஷனுக்கு என்ன கூச்சம் பாருங்க" என்று என் மனைவி என்னிடம் சொன்னாள்.

இப்படியே வருஷங்கள் போயின. சில லீவுகளுக்குப் பூத்தது, ஒன்று இரண்டுக்கு ஏமாற்றியது. ஐப்பசி மழையில் எந்தக் கணக்கும் நிற்காது. சுதா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மதிப்பெண். அவள் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டால் வீட்டில் கலியமூர்த்தி தனி. அந்த வருஷம்தான் வசந்தாவின் ஒப்பந்தமும் முடிந்தது. லீவு முடிந்து திரும்பிப் போனால் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமலும் இருக்கலாம். லீவு புரட்டாசிக் கடைசியில்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வரும்போது அவராகவே பேச்செடுத்தார். அது அபூர்வம்.

"இந்தத் தடவை அவ இருந்துடுவான்னு நினைக்கிறேன் சார்."

"சொன்னாங்களா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் சைக்கிளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பூக்கட்டும் சார். பூத்துச்சுன்னா அவளுக்கே தெரியும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பதை நெருங்கிய மனுஷன், மனைவியிடம் "போகாதே" என்று சொல்ல நான்கு செடிகளைத் தூது அனுப்புகிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த மனிதர் வாழ்க்கையில் இவ்வளவு ஆசையோடு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நானாவது வசந்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுக் குடும்ப விஷயம் என்று இருந்துவிட்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கலியமூர்த்திக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான். மற்றதையெல்லாம் அவரை அறிந்த வேறு யாரும் எழுதிவிடுவார்கள்.

அது ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். அதற்கு முந்தைய வருஷமும் சரியாக வரவில்லை. ஆனி பிறந்தும் வாய்க்காலில் புழுதி பறந்தது. என் வயல் தரிசாகக் கிடந்தது. வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். காலையில் எழுந்தால் கால் தானாக வயலுக்குப் போகும். அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. வெடிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அந்த வருஷங்களில் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும்.

சுதாவின் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காகக் கலியமூர்த்தி அவளை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். ஐந்து நாள். சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தோட்டத்துக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம் சார். சும்மா ஒரு பார்வை பார்த்துக்கிட்டாப் போதும்."

நம் ஊரில் உதவி கேட்பவர் பேசுகிற முறையே அதுதான். சாப்பாடு வேண்டாம் என்றால் இலை போடு என்று அர்த்தம். சிரமப்பட வேண்டாம் என்றால் கொஞ்சம் சிரமப்படு என்று அர்த்தம். "ஒண்ணும் செய்ய வேணாம்" என்பதை நான் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். அவர் வாழ்க்கையில் எதையுமே நேராகச் சொல்லாதவர். அந்த ஒன்றை மட்டும் நேராகச் சொன்னார். அதைத்தான் நான் கேட்கவில்லை.

முதல் நாள் போய்ப் பார்த்தேன். நான்கு மேடும் காய்ந்து வெடித்துக் கிடந்தன. இலையெல்லாம் தொங்கிப் பழுத்திருந்தது. சென்னை அலைச்சலில் செடியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் இலைகள் உதிர ஆரம்பித்தன. வசந்தா வரும்போது பூக்க வேண்டிய செடி. 'பூத்துச்சுன்னா அவளுக்கே தெரியும்' என்று கலியமூர்த்தி சொன்னது காதிலேயே இருந்தது. அங்கே என் வயல் வெடித்துக் கிடக்கிறது, அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கேயோ அடிபம்பு பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். மேட்டைச் சுற்றிக் கரை கட்டி, தண்ணீர் நிற்கும்படி செய்தேன். வெடிப்பெல்லாம் மூடி, தண்ணீர் தளும்பி நின்றது. அந்த இரண்டு வருஷத்தில் நின்ற தண்ணீரை நான் பார்த்தது அன்றுதான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் ஊற்றினேன்.

வெட்டுவது எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் இருபது நாள் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காயப் போட வேண்டும் என்பது தெரியாது. பத்து வருஷம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தவனுக்கு வெட்டிய செடிதான் தெரிந்தது, காய்ந்த மண் தெரியவில்லை. செடி தாகத்தில் தவித்து, இலையை உதிர்த்து, ஓய்ந்து போன பிறகு வெட்டித் தண்ணீர் விட்டால்தான் மொட்டு வைக்கும். நடுவில் தண்ணீரைக் காட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தழைத்துக்கொண்டு போகும்.

கலியமூர்த்தி வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார். சுதாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் இடம் கிடைத்ததைச் சொன்னார். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றியதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் நானும் சொல்லவில்லை. பென்சில் கோடு போட்ட நாளில் அவர் எப்போதும்போல் வெட்டினார், புண்ணாக்கு ஊற்றினார்.

புரட்டாசிக் கடைசியில் வசந்தா வந்தார். நான்கு புதரும் பச்சைப் பசேலென்று ஆள் உயரத்துக்குத் தழைத்து நின்றன. ஒரு மொட்டு இல்லை. கலியமூர்த்தி தினமும் காலையில் போய் ஒவ்வொரு நுனியாகத் திருப்பிப் பார்ப்பார். நாற்பது நாளும் பார்த்தார். நாற்பத்தோராம் நாள் வசந்தாவின் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். திரும்பி வந்து கொல்லையில் நின்றுகொண்டிருந்தவரிடம் நான் போனேன்.

"இந்தத் தடவை என் கணக்குத் தப்பிப்போச்சு சார்" என்றார்.

உண்மை எனக்குத் தெரிந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. கலியமூர்த்தி வீட்டுக்கு வந்த எங்கள் பள்ளித் தமிழாசிரியர், "ஏங்க, உங்க செடி ஏன் இந்த வருஷம் பூக்கலை?" என்று அவரிடம் கேட்டார். காயப் போடுவதைப் பற்றிக் கலியமூர்த்தி அவருக்கு விளக்கமாகச் சொன்னார். கடைசியில், "நாளை எண்ணுறதுல நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்று முடித்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளினேன். நாளைக்கு என்பது வருஷமாகி, அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது என்றாகிவிட்டது.

வசந்தா அதன் பிறகு எட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தார். அந்த எட்டு வருஷமும் கலியமூர்த்தி தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஆய்வகத்துக்கு வந்து போனார். லீவுகளுக்குச் செடியை வெட்டினார், பூத்தது, வசந்தா வைத்துக்கொண்டார், போனார். "இருந்துடுவா" என்று அவர் அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. சேதி கேட்ட நான்காம் நாள் வசந்தா வந்து சேர்ந்தார். பிறகு போகவே இல்லை. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த அந்தக் கை அவரை ஏழு வருஷம் ஒரு படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டது. நான் மன்னார்குடிக்கு வீடு மாற்றிக்கொண்டு போன பிறகும் மாதம் ஒருமுறை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். சொல்லாமல் வருவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, வசந்தா கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் வசந்தாம்மா. ரொம்ப வருஷமா மனசுல கிடக்கு."

"தண்ணி ஊத்துனதா சார்?" என்றார்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த லீவுக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. மெட்ராஸ்லேர்ந்து வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சாம். உங்க செருப்புத் தடம் அப்படியே இருந்துச்சாம். 'வயலு தரிசாக் கெடக்கு சாருக்கு. காஞ்ச மண்ணைப் பார்த்து மனசு கேட்டிருக்காது, பாவம். நீ ஒண்ணும் காட்டிக்காதே'ன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொன்னாரு."

நான் அழுதேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இன்னொருவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து இப்படி அழக் கூடாதுதான். என் தப்பைத் தன் தப்பு என்று ஊரறியச் சொல்லிக்கொண்டவர், எல்லாம் தெரிந்தேதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னைக்கு அது பூத்திருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க" என்றேன். "எட்டு வருஷம். நான்தான் கெடுத்தேன்."

வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பூவா சார் என்னைய நிறுத்தும்?" என்றார். "அந்த நாப்பது நாளும் நான் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருன்னு ஒரு வார்த்தை. பெட்டி அடுக்குறப்பக்கூட மெதுவா, எடுத்து எடுத்து வச்சேன். அவரு கயிறு கொண்டாந்து பெட்டியை இறுக்கிக் கட்டிக் குடுத்தாரு. சரி, நான் சம்பாதிக்கணும்னுதான் நினைக்கிறாரு போலன்னு நினைச்சுக்கிட்டேன். போய்க் கையெழுத்துப் போட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"படுத்ததுக்கு அப்புறம் ஒருநாள் கேட்டேன் சார். 'ஏங்க அன்னைக்கு இருன்னு சொல்லலை?'ன்னு. பேச்சுதான் இல்லையே, என்ன சொல்வாரு? என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கண்ணுலேர்ந்து தண்ணி வந்துச்சு. ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு எனக்கு."

உள்ளே சுதா பாத்திரங்களை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. வசந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தம்பி எப்ப வர்றாரு சார்?" என்று கேட்டார்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வந்து நான்கு வருஷம் ஆகிறது. யார் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அதையே சொன்னேன்.

"வருவான்மா. அவனுக்கும் லீவு கிடைக்கணுமே."

"நீங்க வாயைத் திறந்து கேட்டீங்களா?"

கலியமூர்த்தியிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அடுத்தவனுக்கு வலிக்கக் கூடாது என்று தன் வாயை மூடிக்கொண்ட அந்தப் பெரிய மனசு எனக்கு இல்லை, வரவும் வராது. ஆனால் அதே மூடிய வாய் அவருக்கு எட்டு வருஷத்தை இல்லாமல் பண்ணிவிட்டது. அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மன்னார்குடி வருவதற்குள் மகனுக்குப் போன் போட்டேன். அங்கே இன்னும் சரியாக விடிந்திருக்காது. தூக்கக் குரலில் பதறிக்கொண்டு, "என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?" என்றான்.

"ஒண்ணும் இல்லடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டு, பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி, "உன்னைப் பார்க்கணும்டா. வா" என்றேன்.